இரட்டைவடச் சங்கிலி

உலகப் பொருளாதாரத்தைப் பற்றி எழுத ஒரு நாவலாசிரியனுக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். எங்கள் வீட்டுப் பால் கணக்கைக்கூட என் மனைவிதான் பார்த்துக்கொள்கிறாள். ஆனாலும் புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவன் இந்த விஷயத்தில் நாலு வார்த்தை பேசுவதற்குப் பட்டம் பெற்றிருக்க வேண்டிய அவசியம் இல்லை. எங்களுடையது வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம், நிறையாவிட்டால் கப்பல். தலைமுறை தலைமுறையாக எங்கள் பக்கத்து ஆட்கள் கடல் தாண்டிப் போய்த்தான் பிழைத்திருக்கிறார்கள். ஆகவே உலகத்தின் எந்த மூலையில் பணம் நொடித்தாலும் அது எங்கள் முகவரியை விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடும். ரங்கூனில் நெல் விலை இறங்கியபோது எங்கள் பக்கத்தில் பாதி எழும்பிய மாளிகைகள் அப்படியே நின்றன. சிங்கப்பூரில் கட்டட வேலை நின்றபோது அறந்தாங்கிப் பக்கத்தில் தை மாதக் கல்யாணங்கள் வைகாசிக்குத் தள்ளிப்போயின.

ஏன் என்று கேட்டால், "அங்கே நிலைமை சரியில்லையாம்" என்று சொல்வார்கள். அந்த 'அங்கே' என்பது எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது. சொல்லப்போனால் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில்தான் நான் வயதான காலத்தில் இந்தப் புத்தகங்களையெல்லாம் புரட்டத் தொடங்கினேன்.

புதுக்குளக் கரையில் மாலை நேரங்களில் என்னுடன் நடக்க வரும் நண்பர் ஒருவர் இருக்கிறார். நாற்பது வருஷம் பாங்கியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பணத்தைப் பற்றிப் பேசும்போது அவருடைய நடையே வேகமாகிவிடும். ஒரு நாள் அவர் சொன்னார்:

"ஐயா, 1930ல் உலகம் செய்த தப்பை 2008ல் செய்யவில்லை. அன்றைக்கு ஒவ்வொரு தேசமும் தன் வாசற்கதவைச் சாத்திக்கொண்டது. இன்றைக்கு எல்லாரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள், பிழைத்துக்கொண்டார்கள். நீங்கள் கதைகளில் இதையெல்லாம் எழுத வேண்டாமா?"

"எழுதலாம். மேஜையைச் சுற்றி யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றேன்.

நண்பர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் என் நினைவில் வந்து நின்றது என் அப்பத்தாவின் கழுத்து.

அப்பத்தாவை நான் அறிந்த காலத்தில் அவள் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறும், அதில் ஒரு குண்டுமணித் தங்கமுந்தான் இருந்தன. கல்யாணத்தின்போது போட்ட இரட்டைவடச் சங்கிலியைப் பற்றி அவள் அடிக்கடி பேசுவாள். எட்டுப் பவுன். 1932ல் புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதியில் ஒரு கடையில் அதை விற்றாள். பவுன் பதிமூன்று ரூபாய்ச் சொச்சத்துக்கு எடுத்த நகை, விற்கிற அன்று நாலைந்து ரூபாய் கூடவே போயிற்று. "லாபத்துக்குத்தான் வித்தேன்" என்று சொல்லிவிட்டு அப்பத்தா ஒரு மாதிரி சிரிப்பாள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

தாத்தா பர்மாவில் இருந்தார். திருமயத்துக்கு அருகிலுள்ள ஓர் ஊரைச் சேர்ந்த செட்டியார் கடையில் அவர் சமையற்காரர். இரவதி நதி கடலில் விழும் கழிமுகப் பிரதேசத்தில், ஒரு சின்ன ஆற்றங்கரை ஊர். கடை என்றால் துணிக்கடை, மளிகைக்கடை அல்ல, பணக்கடை. ஒரு மரப்பெட்டி, அதன் பின்னால் ஒரு பாய், பேரேடு, குறிப்பேடு, சுவரில் முருகன் படம். மேலாள் ஒருவர், அடுத்தாள் ஒருவர், பையன் ஒருவன், சமையலுக்குத் தாத்தா. மூன்று வருஷத்துக்கு ஒரு கணக்கு. சம்பளத்தில் பெரும்பகுதி ஊரிலேயே வரவு வைக்கப்படும்.

ரங்கூனுக்குப் போய் வந்ததைத் தாத்தா பெருமையாகச் சொல்வாராம். மொகல் தெருவில் செட்டியார்களின் கோயில். தமிழ் மாதம் பதினாறாந் தேதி இரவு எட்டு மணிக்கு ரங்கூன் நகரத்துச் செட்டியார்கள் அனைவரும் அங்கே கூடுவார்கள். அந்த மாதத்துக்குத் தங்களுக்குள் என்ன வட்டி என்பதைப் பேசி முடிவு கட்டுவார்கள். அதற்கு நடப்பு வட்டி என்று பெயர். எழுத்தில்லை, முத்திரையில்லை, போலீஸ் இல்லை. சொன்னது சொன்னதுதான். ஒரு கடைக்கு முடை வந்தால் இன்னொரு கடை அதே வட்டிக்குக் கைகொடுக்கும். பிரிட்டிஷ் சர்க்கார் 1929-30ல் அமைத்த பர்மா பாங்கிங் விசாரணைக் கமிட்டி, செட்டியார்கள் அங்கே போட்டிருந்த முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அந்தக் காலத்து 75 கோடி! அவ்வளவு பெரிய தொகையைத் தாங்கி நின்றது, ஒரு கோயில் மண்டபத்தில் கூடிச் சொன்ன வார்த்தை.

கூட்டுறவு என்றால் இதுவல்லவா கூட்டுறவு என்று நான் மெய்சிலிர்த்துப் போனதுண்டு. ஆனால் அந்த மண்டபத்தில் யார் இல்லை என்பதையும் யோசிக்க வேண்டும். சேற்றில் இறங்கி நெல் நட்ட பர்மிய விவசாயி அங்கே இல்லை. அவனுக்கு வட்டி எவ்வளவு என்பதும் அந்த நடப்பு வட்டியின் மேல்தான் ஏறி நின்றது. தாத்தாவும் மண்டபத்துக்குள் இல்லை. அவர் அடுப்படியில் இருந்தார்.

1930ல் நெல் விலை சரிந்தது. ஓரிரு வருஷங்களில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. வாங்கிய கடன் மட்டும் பாதியாகவில்லை. விவசாயி என்ன செய்வான்? நிலத்தைக் கொடுத்தான். செட்டியாருக்கோ நிலம் வேண்டாம். அவருக்கு வேண்டியது ரொக்கம். ரொக்கம் கொடுக்க ஆள் இல்லை. கொடுத்த பாங்கிகளோ திருப்பிக் கேட்டன. வேண்டா வெறுப்பாக நிலத்தை எழுதி வாங்கினார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930ல் நூற்றுக்கு 6 பங்கு நிலந்தான் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937ல் அது நூற்றுக்கு 25 ஆயிற்று. ஏறத்தாழ 25 லட்சம் ஏக்கர். பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு பெரிய சொத்து! உண்மையில் அது ஒரு மாபெரும் வராக்கடன். சொந்த மண்ணை அந்நியன் பெயரில் பார்த்த பர்மியனின் வயிற்றெரிச்சலும் அதோடு சேர்ந்து பத்திரமாயிற்று. 1930 டிசம்பரில் தாராவதியில் சாயா சான் என்பவரின் தலைமையில் குடியானவர் கலகம் வெடித்தது. மறு வருஷம் அவரைத் தூக்கிலிட்டார்கள். 1948ல் பர்மா சுதந்திரம் அடைந்ததும் நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் வந்தது. இழப்பீடு என்று சொன்னது பெரும்பாலும் கைக்கு வந்து சேரவில்லை.

இந்தக் கதையை எங்கள் ஜில்லாவில் செட்டியார்கள் பக்கம் நின்று கண்ணீர் விட்டுச் சொல்கிறவர்கள் உண்டு; ஏழைகளை உறிஞ்சியவர்களுக்கு நல்ல தண்டனை என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு கட்சியிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கடன் கொடுத்தவனையும் வாங்கியவனையும் ஒரே வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன ஒரு சம்பவம் இது. வெள்ளம் எங்கே உற்பத்தியாயிற்று என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

அதைத்தான் சொல்ல வந்தேன். நண்பர் சொன்ன மேஜையின் கதை இங்கேதான் ஆரம்பமாகிறது.

1930 ஜூன் மாதத்தில் அமெரிக்கா தன் நாட்டுக்குள் வரும் சரக்குகளின் மீது சுங்கவரியைக் கடுமையாக உயர்த்தியது. மற்ற தேசங்கள் சும்மா இருக்குமா? ஆளுக்கு ஆள் உயர்த்தின. 1931 மே மாதத்தில் ஆஸ்திரியாவின் மிகப் பெரிய பாங்கியான கிரெடிட் அன்ஸ்டால்ட், வியன்னாவில் நொடித்தது. அந்தச் சமயத்தில் மற்ற தேசங்கள் ஒன்றுகூடிக் கைகொடுத்திருந்தால் விஷயம் வியன்னாவோடு முடிந்திருக்கலாம் என்று நினைக்கிறவர்கள் பலர். கைகொடுப்பதற்கென்றே சுவிட்சர்லாந்தில் பாஸெல் நகரத்தில் முந்தின வருஷம் ஒரு சர்வதேச பாங்கியும் ஏற்படுத்தியிருந்தார்கள். அதன் மூலம் பத்துக் கோடி ஷில்லிங் கடன் வந்தது. ஆனால் தாமதமாக வந்தது, வந்ததும் சில நாட்களில் கரைந்துபோயிற்று. மேற்கொண்டு கேட்டபோது பிரான்ஸ் ஒரு நிபந்தனை போட்டது. ஜெர்மனியோடு சுங்க ஒப்பந்தம் செய்துகொள்ளும் எண்ணத்தை ஆஸ்திரியா விட்டுவிட வேண்டுமாம். பக்கத்து வீடு பற்றி எரியும்போது, வேலித் தகராறைத் தீர்த்துக்கொண்டு பிறகு தண்ணீர் இறைக்கலாம் என்ற மாதிரி இல்லையா? ஜூலையில் நெருப்பு பெர்லினுக்குத் தாவியது. செப்டம்பர் 21ந் தேதி லண்டன், தன் நாணயத்துக்கு ஈடாகத் தங்கம் தருவதில்லை என்று அறிவித்தது.

நம்முடைய ரூபாய், ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று ஸ்டெர்லிங்கோடு கட்டுண்டது. அதை அவிழ்க்க வேண்டும் என்று இங்கே எவ்வளவோ பேர் கூக்குரலிட்டார்கள், பயன் இல்லை. ஸ்டெர்லிங் இறங்க இறங்க, ரூபாய்க் கணக்கில் தங்கத்தின் விலை ஏறியது. நெல் விலை பாதி, கிஸ்தி பழையபடி, தங்க விலை ஏற்றம். குடியானவன் வீட்டில் விற்பதற்கு வேறு என்ன இருந்தது? ஊர் ஊராகத் தட்டார்களும் தரகர்களும் போனார்கள். தோடு, காப்பு, ஒட்டியாணம் எல்லாம் உருகிக் கட்டியாகிப் பம்பாய்க்குப் போய், அங்கிருந்து கப்பலேறின. தங்க ஏற்றுமதியைத் தடை செய்ய வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. சர்க்கார் செய்யவில்லை. எப்படிச் செய்யும்? நியூயார்க்கிலும் பாரிஸிலும் வாங்கிய கடனை லண்டன் திருப்பிக் கட்டவும், ஸ்டெர்லிங் மறுபடியும் காலூன்றி நிற்கவும் அந்தத் தங்கமல்லவா பெரிதும் உதவியது!

எங்கள் தாத்தா 1932 தொடக்கத்தில் ஊர் திரும்பினார். கடையைச் சுருக்கிவிட்டார்கள். கணக்கில் இருந்த சம்பளத்தில் கொஞ்சம் கொடுத்து, மீதிக்கு ஒரு கைச்சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு வெகுகாலம் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. கடைக்காரர் மேல் தாத்தா குறை சொல்லி யாரும் கேட்டதில்லை. "அவுகளுக்கே வரலே, நமக்கு எங்கேருந்து கொடுப்பாக?" என்பாராம். அந்த ஆனியில் அப்பத்தா சங்கிலியைக் கழற்றினாள். வியன்னாவில் நொடித்த பாங்கியிலிருந்து கீழ ராஜ வீதிவரை ஓர் ஆண்டுப் பிரயாணம். அப்பத்தாவின் எட்டுப் பவுனும் உலகப் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்துவதில் ஒரு கை கொடுத்திருக்கிறது. சர்வதேச ஒத்துழைப்பு என்று இதைச் சொல்லலாமா என்று நண்பரைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினார்.

அன்றைக்கு மேஜையே போடவில்லை என்று சொல்வதும் சரியல்ல. போட்டார்கள். 1933 ஜூன் 12ந் தேதி லண்டனில் உலகப் பொருளாதார மாநாடு கூடியது. 66 தேசங்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே திறந்துவைத்தார். நடந்த இடம், பூகர்ப்ப சாஸ்திரக் காட்சிசாலைக்கென்று புதிதாகக் கட்டிய மாளிகை. காட்சிசாலை திறந்தது 1935ல்தான். கற்கள் வந்து சேருவதற்கு முன்னால் மனிதர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நாணயங்களின் மதிப்பை ஒரு நிலையில் நிறுத்தலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, ஜூலை 3ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தம் தேசத்தின் உள்வீட்டுக் காரியந்தான் தமக்கு முக்கியம் என்பது அதன் சாரம். அவரைக் குறை சொல்வதில் பிரயோஜனம் இல்லை. அவர் வீட்டிலும் லட்சக்கணக்கானவர்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். ஆனால் மாநாடு அத்துடன் படுத்துவிட்டது. ஜூலை முடிவதற்குள் கலைந்தார்கள்.

விசித்திரம் என்னவென்றால், அதே வருஷங்களில் வேறு சில மேஜைகள் வெகு ஒழுங்காக நடந்தன. 1933ல் இந்தியா, இலங்கை, டச்சுக்காரர் வசமிருந்த கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் தேயிலைத் தோட்ட முதலாளிகள் கூடி, இவ்வளவுக்கு மேல் ஏற்றுமதி செய்வதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1934ல் ரப்பருக்கும் அப்படியே. பிரிட்டன், ஹாலந்து, பிரான்ஸ், இந்தியா, சயாம் எல்லாம் கையெழுத்திட்டன. விலை ஏறியது. இதில் ஒத்துழைப்புக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் மலாயாவில் பால் வெட்டிக்கொண்டிருந்த நம்மவர்கள் அதற்கு முன்பே ஆயிரக்கணக்கில் கப்பலேற்றப்பட்டு நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் வந்து இறங்கியிருந்தார்கள். மரங்களை இவ்வளவுதான் வெட்டலாம் என்று முடிவு செய்தபோது, வெட்டுகிற கையைப் பற்றி மேஜையில் யாரும் கேட்கவில்லை. ரப்பருக்குப் பிரதிநிதி இருந்தார். ரப்பர் வெட்டுகிறவனுக்கு இல்லை. பர்மா நெல்லுக்கோ அந்த மேஜைகூடக் கிடையாது.

ஆகவே என் நண்பரின் சரித்திரத்தில் ஒரு சின்னத் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. 1930களில் உலகத்துக்கு ஒன்றுசேரத் தெரியாமல் இல்லை. யார் யாரெல்லாம் ஒன்றுசேர்ந்தார்களோ அவர்கள் கரையேறினார்கள்.

1944 ஜூலையில், யுத்தம் முடிவதற்கு முன்பே, அமெரிக்காவில் பிரெட்டன் உட்ஸ் என்ற மலைவாசஸ்தலத்து ஹோட்டலில் 44 தேசங்கள் கூடின. இனி ஒரு 1931 வரக்கூடாது என்பதற்காகச் சர்வதேச நாணய நிதியையும் உலக வங்கியையும் அங்கேதான் உருவாக்கினார்கள். அந்த மாநாட்டை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இந்தியத் தூதுகோஷ்டிக்குத் தலைவர் ஜெரமி ரெய்ஸ்மன் என்ற ஆங்கிலேயர்தான். ஆனாலும் அதில் சி. டி. தேஷ்முக் இருந்தார், ஏ. டி. ஷ்ராஃப் இருந்தார், நம் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியானாரே, அவர்தான். இவர்கள் அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வரவில்லை. யுத்த காலத்தில் இந்தியாவிடமிருந்து சரக்காகவும் சேவையாகவும் பிரிட்டன் வாங்கிய பெருங்கடன் லண்டன் கணக்கில் ஸ்டெர்லிங்காகக் குவிந்துகொண்டிருந்தது. யுத்தம் முடிந்த சமயத்தில் அது சுமார் 1,700 கோடி ரூபாய். அதில் ஒரு பகுதியையாவது நமக்கு வேண்டிய நாணயமாக மாற்றித்தர வழி செய்யுங்கள் என்று நம் பிரதிநிதிகள் கேட்டார்கள். அது எங்களுக்கும் உங்களுக்கும் உள்ள சொந்த விஷயம் என்று பிரிட்டன் சொல்லிவிட்டது. வங்காளத்தில் பஞ்சத்தில் மாண்டவர்களின் சாம்பல் ஆறாத காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் கேட்டார்கள். பிறகு சோவியத் ரஷ்யா அந்த நிதியில் சேராமல் ஒதுங்கிக்கொண்டதால், பெரிய பங்குக்காரர் ஐவரில் ஒருவராக இந்தியாவுக்கு நிர்வாக சபையில் ஒரு நாற்காலியும் கிடைத்தது. கடன் கொடுத்தவன் கேட்பதற்கே ஒரு மாநாடு வேண்டியிருந்தது என்றால், கடன்பட்டவன் கேட்பதற்கு எத்தனை மாநாடு வேண்டும் என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு.

அந்தக் கடன்பட்டவனின் நிலைமையை நாம் 1991ல் நன்றாகப் பார்த்தோம். வளைகுடா யுத்தத்தில் எண்ணெய் விலை ஏறி, அந்நியச் செலாவணி சில வாரங்களுக்குத்தான் போதும் என்ற கட்டம். ரிஸர்வ் பாங்கியின் பெட்டகத்திலிருந்து 47 டன் தங்கம் விமானத்தில் லண்டனுக்குப் போயிற்று, அடகுக்கு. பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அவமானமாக இருந்தது என்று பலரும் எழுதியதைப் போல என்னால் எழுத முடியவில்லை. எங்கள் வீட்டில் நகை அடகு வைப்பது அவமானமான காரியம் அல்ல. வைத்ததை மீட்பார்களா என்ற கவலைதான் வந்தது. மீட்டார்கள்.

இனி 2008க்கு வருகிறேன். செப்டம்பர் 15ந் தேதி நியூயார்க்கில் லீமன் பிரதர்ஸ் நொடித்தது. இந்தத் தடவை தேசங்கள் வேலித் தகராறு பேசிக்கொண்டிருக்கவில்லை. அக்டோபர் 8ந் தேதி அமெரிக்கா, ஐரோப்பா, பிரிட்டன், கனடா, ஸ்வீடன், சுவிட்சர்லாந்து ஆகியவற்றின் மத்திய பாங்கிகள் ஒரே நாளில் கூடிப் பேசி வட்டியைக் குறைத்தன. மொகல் தெருக் கோயில் மண்டபம் என் ஞாபகத்துக்கு வந்தது! டாலர் கிடைக்காமல் தவித்த தென்கொரியா, பிரேசில், மெக்ஸிகோ, சிங்கப்பூர் ஆகிய நான்குக்கும் அமெரிக்க மத்திய பாங்கி அந்த மாத முடிவில் தலைக்கு 3,000 கோடி டாலர் வரை கைமாற்றுத் தருவதாக ஒப்புக்கொண்டது. நவம்பர் 14, 15 தேதிகளில் வாஷிங்டனில் ஜி-20 நாடுகளின் தலைவர்கள் கூடினார்கள். 2009 ஏப்ரல் 2ந் தேதி மறுபடியும் லண்டனில். 1933ல் கலைந்துபோன அதே லண்டன்! 1.1 லட்சம் கோடி டாலர் அளவுக்கு உதவித் திட்டம். நாணய நிதியின் கடன் கொடுக்கும் சக்தியை மூன்று மடங்காக, 75,000 கோடி டாலராக உயர்த்துவது. புதிய சுங்கச் சுவர்களை எழுப்புவதில்லை என்ற வாக்குறுதி. நம் பிரதமர் மன்மோகன் சிங் அங்கே இருந்தார். பொருளாதாரம் தெரிந்த தலைவர் என்பதால் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்கள்.

நண்பர் சொன்னதில் உண்மை உண்டு என்பதை மறுக்க எனக்கு மனம் வராது. 2009ல் உலக வியாபாரம் பயங்கரமாகச் சுருங்கியது. ஆனால் 1930ஐப் போல் வருஷக்கணக்காகச் சுருங்கிக்கொண்டே போகவில்லை. ஒரு தலைமுறையை அது காப்பாற்றியது என்று சொன்னாலும் மிகையாகாது.

ஆனாலும் பந்தியில் பரிமாறிய விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நாணய நிதி தன் அங்கத்தினர்களுக்கு விசேஷ எடுப்புரிமை என்ற பெயரில் 25,000 கோடி டாலர் மதிப்புக்குப் பங்கு பிரித்தது. அவரவர் வைத்திருந்த பங்கின்படி பிரித்தது. ஆகவே வளர்ந்துவரும் நாடுகளும் ஏழை நாடுகளும் அனைத்தும் சேர்ந்து பெற்றது ஏறத்தாழ 10,000 கோடி. பெரிய இலைக்காரனுக்குப் பெரிய கரண்டி. இந்தப் பங்கு முறையை மாற்றுகிறோம் என்று 2010ல் ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் சம்மதம் கொடுக்க 2015 டிசம்பர் ஆயிற்று. நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரியில். நெருப்பு அணைந்த பிறகு, தண்ணீர் கொண்டுவந்தவனுக்குச் சொன்ன வார்த்தைக்கு அவ்வளவுதான் அவசரம்.

இன்னொரு செய்தியை நண்பர்தான் எனக்கு நினைவூட்டினார். 2009 நவம்பரில், நாணய நிதி விற்ற தங்கத்தில் 200 டன்னை நம் ரிஸர்வ் பாங்கி 670 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அந்த விற்பனையில் வந்த பணத்தில் ஒரு பகுதி ஏழை நாடுகளுக்குச் சலுகைக் கடன் கொடுக்கப் பயன்பட்டது. 1991ல் அடகு வைத்தவன் 2009ல் வாங்கினான்! நண்பர் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தகப்பனுடைய பூரிப்பு இருந்தது.

"உங்கள் அப்பத்தாவின் எட்டுப் பவுனும் திரும்பி வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

"வந்திருக்கிறது. ஆனால் எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை" என்றேன்.

அவருக்கு நான் எங்கள் தெருப் பையன் ஒருவனைப் பற்றிச் சொன்னேன். தொழிற்கல்வி முடித்தவன், வெல்டிங் தெரியும். 2008 ஆவணியில் சிங்கப்பூருக்குப் போனான். ஏஜெண்டுக்குக் கொடுக்கத் தாயாரின் நகையை அடகு வைத்தார்கள். போதாததற்கு வெளியிலும் வட்டிக்கு வாங்கினார்கள். போன புதிதில் வேலை இருந்தது. தை பிறக்கும்போது வாரத்தில் மூன்று நாள் வேலை. பங்குனியில் அதுவும் இல்லை. லண்டனில் தலைவர்கள் வரிசையாக நின்று படம் பிடித்துக்கொண்ட அதே வாரத்தில் அவன் திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கினான். தான் ஏன் திரும்பினோம் என்று அவனுக்குத் தெரியாது. "அங்கே ஆர்டர் இல்லையாம் சார்" என்றான். முக்கால் நூற்றாண்டுக்கு முன்னால் தாத்தா சொன்ன அதே 'அங்கே'.

சிங்கப்பூருக்கு 3,000 கோடி டாலர் கைமாற்று கிடைத்ததே என்று நண்பர் கேட்கவில்லை. அவர் நல்லவர். பாங்கியில் எத்தனையோ நகைக்கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர். சிறிது நேரம் கழித்து, "அந்த அம்மாள் நகையை எங்கே வைத்திருக்கிறாள்? பாங்கியிலா, தனியாரிடமா?" என்று கேட்டார். தனியாரிடம் என்றேன். "வட்டி?" என்றார். சொன்னேன். குளத்துப் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"லண்டனில் வட்டி அரை சதவிகிதத்துக்கு இறங்கிக் கிடந்த வருஷம் ஐயா அது!" என்றார்.

மறுநாள் காலையிலேயே ஒரு பழைய சகாவைப் பிடித்து, அந்த நகையைத் தனியாரிடமிருந்து மீட்டுப் பாங்கியில் மாற்றி வைக்க அவர் ஏற்பாடு செய்தார். அதற்குக் கைப்பணம் கொஞ்சம் வேண்டியிருந்தது. அதையும் அவரே போட்டார், யாரிடமும் சொல்லவில்லை. வாஷிங்டனும் லண்டனும் கூடிக் குறைத்த வட்டி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது அந்த வழியாகத்தான்.

நடுவில் இரண்டு தடவை வட்டியை மட்டும் கட்டி அடகைப் புதுப்பித்தார்கள். 2012ல் நகை வீட்டுக்கு வந்தது. பையன் ஊரிலேயே ஒரு பட்டறையில் வேலைக்கு இருந்தான், கூலி கட்டுபடியாகவில்லை. மறு வருஷம் ஆடி கழிந்ததும் மறுபடியும் கிளம்பினான், இந்தத் தடவை கத்தாருக்கு. ஏஜெண்டுக்குப் பணம் எப்படிப் புரட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிட வந்திருந்த தாயார் சேலைத் தலைப்பைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.